சிமென்ட் பூசியும் சுவர் உதிர்வது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

புதுச்சேரியில் எங்கள் தாத்தா காலத்து வீடு. திண்ணை, தாழ்வாரம், முற்றம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் இடுப்பு உயரம் வரை சுவரில் உப்பு பூத்துப் பூச்சு உதிர்கிறது. இரண்டு முறை சிமென்ட் பூசியும் நிற்கவில்லை. இந்த முறை நீர் புகாத ரசாயனம் கலந்து பூசலாம் என்கிறார் கொத்தனார். செய்யலாமா?
– வாசகர், புதுச்சேரி

தயவுசெய்து செய்யாதீர்கள். உங்கள் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியது. அந்தக் காலத்து அஸ்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. மண்ணின் ஈரம் சுவருக்குள் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாகவே காற்றில் கலந்துவிடும். சிமென்ட் பூசியதும் அந்த வழி அடைபடுகிறது. ஈரம் சிமென்டுக்குப் பின்னாலேயே இன்னும் மேலே ஏறுகிறது. கூடவே வரும் உப்பு உள்ளே படிந்து, பூச்சைத் தள்ளிவிட்டுச் செங்கல்லின் முகத்தையும் பொடியாக்குகிறது. கடலோர ஊரில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். ரசாயனம் கலந்தால் அடைப்பு கூடுமே தவிர, ஈரம் குறையாது.

பூச்சுக்குக் கை வைக்கும் முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தெருவில் தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்திருக்கும். மழைத் தண்ணீர் திண்ணையடியில் தேங்குகிறதா? முற்றத்துத் தூம்பு அடைத்திருக்கிறதா? பின்கட்டில் குழாய் கசிகிறதா? இவற்றைச் சரிசெய்த பிறகு, ஈரக்கறை தெரியும் உயரத்துக்கு மேலேயும் இரண்டடி வரை சிமென்டைக் கொத்தி எடுங்கள். செங்கல் இடுக்குகளில் உதிரும் சாந்தைச் சுரண்டிவிட்டு, உலர்ந்த தூரிகையால் உப்பைத் தேயுங்கள். கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போய்விடும். அப்புறம் ஒரு கோடை முழுக்கச் சுவரைச் சும்மா விடுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் கஷ்டமான பகுதி, ஆனாலும் அவசரப்படாதீர்கள்.

பிறகு, நன்றாக ஊறவைத்து மணலோடு அரைத்த சுண்ணாம்பில், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்த்துப் பூசலாம். மேலே வெள்ளையடித்தால் போதும். பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் மறுபடி அதே அடைப்புதான். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிது என்பது உண்மை. பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கப் பாடுபடும் இன்டாக் (INTACH) அமைப்பின் புதுச்சேரிக் கிளையில் கேளுங்கள். அவர்கள் பங்கெடுத்துச் சீரமைத்த வைசியாள் வீதிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. அந்தத் தெருவில் ஒரு முறை நடந்து பாருங்கள். திண்ணையும் தாழ்வாரமும் வரிசையாக நிற்கும்போது தெருவுக்கே ஒரு முகம் வருகிறது. உங்கள் வீட்டுத் தாழ்வாரத்தை எடுத்துவிட்டுக் கார் நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

மாடியையும் பார்த்துவிடுங்கள். மெட்ராஸ் டெரஸ் என்றால் தேக்கு உத்திரங்களின் மேல் சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கிய தளம். ஒழுகும்போதெல்லாம் மேலே ஒரு சிமென்ட் அடுக்கு போட்டிருப்பார்கள். அந்த எடை முழுவதும் உத்திரத்தின் தலையில்தான் இறங்குகிறது. சுவருக்குள் நுழையும் உத்திர முனைகளைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். உளுத்திருந்தால் முதலில் அதற்குத்தான் செலவு. கடற்கரைச் சாலையில் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த மேரி கட்டடம் (பிரெஞ்சுக்காரர் கால நகர மண்டபம்) 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததை நம் ஊர் பார்த்திருக்கிறது. கூரை வேலையை அடுத்த மழைக்குத் தள்ளிவைக்காதீர்கள்.

எங்கள் வீடும் அதே மாதிரிதான். மாமியாருக்கு முட்டி வலி, கழிவறை கொல்லைக் கோடியில் இருக்கிறது. படுக்கையறையும் குளியலறையும் சேர்த்துக் கட்ட வேண்டும். முற்றத்தை ஃபைபர் ஷீட் போட்டு மூடி, அங்கேயே கட்டலாமா?
– வாசகி, முத்தியால்பேட்டை

முற்றத்தை மூடாதீர்கள், அம்மா. நடுவீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் அது வழியாகத்தான் வருகின்றன. சூடான காற்று மேலே போவதும் அப்படித்தான். மூடினால் பகலிலும் விளக்கு, ராத்திரியிலும் ஏசி என்று ஆகிவிடும். திருட்டுப் பயமும் குரங்குத் தொல்லையும் இருந்தால் மேலே இரும்புக் கம்பி வலை போடுங்கள், மழை விழட்டும்.

மாமியார் அறை கொல்லைப் பக்கம் வரட்டும், ஆனால் பழைய சுவரில் சாயாமல் தன் சொந்த அஸ்திவாரத்தில், தன் சொந்தத் தூண்களில் நிற்கட்டும். புதுக் கட்டடம் தன் எடையில் கொஞ்சம் இறங்கும். பழைய சுவரோடு பிணைத்திருந்தால் விரிசல் அங்கே விழும். இரண்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி விட்டு, மேலே தகடு போட்டு மூடினால் போதும். தண்ணீர் புழங்கும் இடங்களையெல்லாம் புதுப் பகுதிக்கே கொண்டுபோய்விடுங்கள், பழைய சுவர்களுக்கு அதுவே பெரிய நிம்மதி. நிலைப்படி தடுக்கும் இடத்தில், எடுத்துவிடக்கூடிய மரச் சரிவு ஒன்று வையுங்கள், படியை உடைக்க வேண்டாம். மின் குழாய்களுக்காகச் சுவரைக் கீறாமல் வெளியே தெரியும்படியே ஓட்டுங்கள். புது அறை பழைய வீட்டைவிட உயரம் குறைவாக, எளிமையாக இருக்கட்டும். சிமென்டில் போலித் தேக்குத் தூண் செய்து ஒட்டுகிறார்களே, அது இரண்டையும் கெடுக்கிறது.

அண்ணன் தம்பிகள் மூவர். வீட்டை இடிப்பதா, வைத்துக்கொள்வதா என்று பேச்சு நடக்கிறது. அதற்குள் பழைய மர வியாபாரி ஒருவர் வாசக்காலுக்கும் தூண்களுக்கும் நல்ல விலை கேட்கிறார்.
– வாசகர், காரைக்கால்

பேச்சு முடியும் வரை ஒரு கதவைக்கூடக் கழற்ற விடாதீர்கள். தூண் போனால் தாழ்வாரம் இறங்கும், தாழ்வாரம் இறங்கினால் மழை உள்ளே வரும், பிறகு இடிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று ஆகிவிடும். முதலில் ஒரு பொறியாளரை வைத்து வீட்டை அளந்து வரைபடம் போடுங்கள். சீரமைக்க என்ன செலவு, இடித்துக் கட்ட என்ன செலவு என்று இரண்டு மதிப்பீடும் வாங்கி மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பாருங்கள். சீரமைப்பு மதிப்பீட்டைச் சுண்ணாம்பு வேலை தெரிந்தவரிடமே கேளுங்கள். தெரியாதவர் முழுக் கூரையையும் மாற்றச் சொல்லித் தொகையை ஏற்றிவிடுவார்.