முதியோர் இல்லத்தில் தொற்று: உங்கள் கேள்விகளுக்கு ஒரு நர்ஸின் பதில்கள்

எங்கள் இல்லத்தில் மூன்று பாட்டிகளுக்கு ராத்திரியானால் ஒரே அரிப்பு. மருந்து போட்டால் போகிறது, அடுத்த மாசமே திரும்ப வருகிறது. (காட்பாடி)

விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு இங்கெல்லாம் சின்னச் சின்னப் பருக்கள் இருந்தால் அது சிரங்காக இருக்கலாம், தோல் டாக்டர் ஒருமுறை பார்த்துச் சொல்லட்டும். சிரங்குதான் என்றால், அரிக்கிற மூன்று பேருக்கு மட்டும் மருந்து போட்டதுதான் சிக்கல். முதல் தடவை சிரங்குப் பூச்சி ஏறினால் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும், அதுவரை அரிப்பே இல்லாத பக்கத்துக் கட்டில்காரரும், குளிப்பாட்டிவிடும் ஆயாவும் அதைச் சுமந்துகொண்டுதான் இருப்பார்கள். அதனால் ஒரே நாளில் எல்லோருக்கும், வேலை செய்பவர்களையும் சேர்த்து. டாக்டர் 5% பெர்மெத்ரின் க்ரீம் எழுதிக் கொடுத்தால், கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகத்துக்கு அடியிலும் தடவி, 8 மணி நேரமாவது விட்டுக் குளிக்க வேண்டும். (வயதானவர்களுக்குத் தலையிலும் தடவச் சொல்லலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.) ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. போர்வை, துணியெல்லாம் அன்றைக்கே சுடுதண்ணீரில் துவைத்துவிடுங்கள், துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் வையுங்கள். அப்புறமும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும், மருந்து வேலை செய்யவில்லை என்று பயப்பட வேண்டாம்.

கிளவுஸ் போட்டுத்தான் டயபர் மாற்றுகிறார்கள், சானிடைசரும் இருக்கிறது. இருந்தும் அம்மா இருக்கும் ஹாலில் வரிசையாக எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு. (குடியாத்தம்)

அதே கிளவுஸோடு அடுத்த கட்டிலுக்குப் போகிறார்களா என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் அதுதான் நடந்தது, கேட்டால் "கிளவுஸ் போட்டிருக்கேனே சிஸ்டர்" என்பார்கள். ஒருவருக்கு ஒன்று, கழற்றியதும் கை கழுவ வேண்டும். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் நோரோவைரஸுக்கு சானிடைசர் சரியாகக் கேட்காது, சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான், 40 விநாடியாவது. நம்ம ஊர் வெயில் காலத்தில் குழாயில் தண்ணீர் வராத நாளில் டிரம்மில் சொம்பை விட்டு மொண்டு கழுவாதீர்கள், அடியில் குழாய் வைத்த பக்கெட் ஒன்று வாங்கி வையுங்கள். சமையல்காரருக்கு வயிற்றுப்போக்கு என்றால், நின்ற பிறகும் 48 மணி நேரம் அவர் சமையல்கட்டுக்கு வரக்கூடாது. அந்த இரண்டு நாளுக்குச் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள், பிடித்தால் மறைத்துவிட்டு வேலைக்கு வந்துவிடுவார், பாவம் அவருக்கும் வேறு வழி இல்லை.

அப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை, ஆனால் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, சம்பந்தம் இல்லாமல் பேசுகிறார். வயசுதான் காரணம் என்கிறார்கள். (ஆற்காடு)

இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வயதானவர்களுக்கு நிமோனியாவே வந்தாலும் காய்ச்சல் இல்லாமல் இருக்கலாம், திடீர்க் குழப்பமும் தடுமாறி விழுவதும்தான் முதல் அறிகுறியாக இருக்கும்.

இருமல் உள்ளவரைத் தனி அறையில் வைக்க எங்களிடம் இடம் இல்லை. (ராணிப்பேட்டை)

கட்டிலை ஜன்னல் ஓரமாகத் தள்ளி, ஜன்னலைத் திறந்து வைத்து, அவருக்கு மாஸ்க் கொடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை கட்டாயம், அரசு மருத்துவமனையில் காசு இல்லை. ஃப்ளூ ஊசி வருஷா வருஷம் போட வேண்டும், தாத்தா பாட்டிகளுக்கு மட்டும் இல்லை, தினமும் பஸ் ஏறி வந்து போகிற ஆயாக்களுக்கும்தான்.