சிராகூசா கதீட்ரல் – ஒரு கடிதம்

வணக்கம் சார். போன வருஷம் இத்தாலியோட சிசிலித் தீவுல சிராகூசா கதீட்ரல் பாத்தோம். முகப்பு பிரமாதம், உள்ள போனா ஏமாற்றம்தான். ஒரு பக்கம் கிரேக்கத் தூண், ஒரு பக்கம் மொட்டைக் கல் சுவர், சேப்பல்ல, அதான் பக்கத்துச் சின்ன வழிபாட்டு அறைல, பகட்டான பாரோக் அலங்காரம்... கண்டதையும் ஒட்டி வச்ச மாதிரி இருந்துச்சு. அடுத்த மாசம் பொண்ணோட மறுபடி போறேன், இதுக்கு நேரம் ஒதுக்கணுமா?
– ஒரு வாசகி

வணக்கம்மா,

கண்டிப்பா ஒதுக்குங்க, அரை நாளே ஒதுக்கலாம்.

அது முதல்ல அதீனாங்கற கிரேக்க தேவதையோட கோயில், கி.மு. 480ல வட சிசிலியில நடந்த ஹிமெரா போர்ல ஜெயிச்ச கெலோன், அப்ப சிராகூசாவ ஆண்ட கிரேக்க அரசன், கட்டினது. கிரேக்கக் கோயில்ல பலிபீடம் வெளியில இருக்கும், ஜனங்களும் வெளியிலதான் கூடுவாங்க, உள்ள கருவறையில சாமி சிலை, சுத்திலும் டோரிக்னு சொல்ற எளிமையான தடித்த தூண்கள். சர்ச்சுக்கு இதுக்கு நேர் எதிர், பூசைக்கு மொத்த ஜனமும் உள்ள நிக்கணும். அதனால 7ஆம் நூற்றாண்டுல அதை சர்ச்சா மாத்தினவங்க வெளித்தூண்களுக்கு நடுவுல கல்ல அடைச்சு சுவராக்கிட்டாங்க, கருவறையோட நீளச் சுவர்கள வளைவு வளைவா வெட்டித் திறந்துட்டாங்க. கருவறை நடுக்கூடம் ஆச்சு, சுத்தி இருந்த நடை பக்கக் கூடங்கள் ஆச்சு. நீங்க மொட்டைச் சுவர்னு சொல்றீங்களே, அதுதான் அந்தக் கருவறைச் சுவர்! என்ன ஒரு யோசனை பாருங்க, இடிக்காமலே ஒரு கோயில உள்வெளியா திருப்பிட்டாங்க.

878ல அரபுக்காரங்க ஊரைப் பிடிச்சப்புறம் மசூதியா இருந்து, வடக்கு பிரான்ஸ்லேர்ந்து வந்த நார்மன்காரங்க காலத்துல மறுபடி சர்ச் ஆச்சு. 1693 நிலநடுக்கத்துல பழைய முகப்பு விழுந்துடுச்சு. நீங்க ரசிச்சது 1720கள்ல ஆந்த்ரேயா பால்மாங்கற கட்டடக் கலைஞரோட டிசைன்ல ஆரம்பிச்சது, ரொம்பப் பிந்தி வந்தது.

சிசிலியிலயே பலெர்மோ ஊர்ல கப்பெல்லா பலத்தீனான்னு ஒரு அரண்மனைச் சேப்பல் இருக்கு, அங்க நார்மன் ராஜா ரெண்டாம் ரோஜர், கிழக்கு ரோமப் பேரரசோட பைசாண்டின் பாணில சின்னச் சின்ன வண்ணத் துண்டு பதிச்ச மொசைக்கையும் அரபு பாணி மரக்கூரையையும் வேணும்னே ஒண்ணா சேத்தார். அதுவும் அழகுதான், ஆனா எனக்கு சிராகூசாதான் ஒசத்தி, இங்க யாரும் ரசனைக்காகக் கலக்கல, இருக்கறத வச்சு அவங்கவங்க சாமி கும்பிட வழி பண்ணிக்கிட்டாங்க.

இந்த தடவை நேரா உள்ள போயிடாதீங்க. முகப்பைப் பாத்து நின்னா இடது பக்கம் வியா மினெர்வா தெரு, அங்க போனா சுவர்ல இருந்து தூண்கள் பாதி உடம்பு வெளிய துருத்திட்டு நிக்கும், மேலிருந்து கீழ வரைக்கும் வரிவரியா பள்ளம், நடுவுல அடைச்ச கல்லு தனியா தெரியும். அப்புறம் உள்ள வலது பக்கம் முதல் சேப்பல்ல ஞானஸ்நானத் தொட்டி, பழைய கிரேக்கப் பளிங்கு ஜாடிய வெண்கலச் சிங்கங்க தாங்கிட்டு இருக்கும். பூசை நேரத்த மட்டும் விசாரிச்சுட்டுப் போங்க, பொண்ணுக்கு எது பிடிச்சதுன்னு அவசியம் எழுதுங்க.