காட்டுப் பகுதிகளில் செல்போன் டவர் வைத்தால் பாதுகாப்பு கூடுமா? காட்டைக் காடாகவே விடுவது நல்லதா?

காட்டில் குடியிருப்பவர்களுக்கு டவர் கட்டாயம் வேண்டும். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காக என்றால் வேண்டாம். என் கட்சி இதுதான்.

சத்தியமங்கலத்திலிருந்து கடம்பூர் மலைக்குப் பிக்கப் வண்டியில் போய்க் குச்சிக்கிழங்கு ஏற்றி வருவது என் பிழைப்பு. கே.என்.பாளையம் தாண்டி மலை ஏறியதும் போனில் கோடு ஒவ்வொன்றாகக் குறையும். எந்த வளைவில் எடுக்கும், எந்தப் பாறை மேல் ஏறினால் பேசலாம் என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம்.

ஒருநாள் இருட்டும் நேரத்தில் ஆக்சில் ஒடிந்து வண்டி நின்றுவிட்டது. கூட வந்த சித்தப்பாவை வண்டியிலேயே உட்கார வைத்துவிட்டு, சிக்னல் எடுக்கும் வளைவை நோக்கி நடந்தேன். கோடு வருகிறதா என்று திரையையே பார்த்துக்கொண்டு போனதில், அந்த வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்கு ரோடே தெரியவில்லை. எதிரே வந்த ஒரு பெரியவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஏனுங் தம்பி, போனை அணைங்க. மூக்குல வாசம் ஏறலீங்களா?" அணைத்த பிறகுதான் உறைத்தது. பத்தடி தள்ளி யானை லத்தி, ஆவி இன்னும் அடங்கவில்லை. இரண்டு பேரும் சத்தமில்லாமல் வண்டிக்குத் திரும்பி, விடியும்வரை கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

இதை வைத்து டவரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடம்பூருக்கு அந்தப்பக்கம் இருக்கும் மாக்கம்பாளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் சர்க்கரைப்பள்ளமும் குரும்பூர்ப்பள்ளமும் பொங்கி வழி அடைபட்ட ஊர் அது. பிரசவ வலி வந்தவளுக்கு 108-ஐக் கூப்பிட ஒருவர் மேடு தேடி ஓட வேண்டும் என்பது என்ன நியாயம்? டவர் இல்லாத கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க மத்திய அரசு 2022-ல் 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது. அந்தப் பணம் இப்படிப்பட்ட ஊர்களுக்குப் போய்ச் சேரட்டும்.

வால்பாறையில் சிக்னல் உயிரையே காப்பாற்றியிருக்கிறது. யானை எந்த எஸ்டேட் பக்கம் நிற்கிறது என்று சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும் ஏற்பாட்டை இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை அங்கே செய்தது. உயரமான இடங்களில் சிவப்பு விளக்கும் வைத்தார்கள். அதைச் செல்போனிலிருந்தே எரிய வைக்கலாம். வேலை முடிந்து இருட்டில் வீடு திரும்பும் தோட்டத் தொழிலாளி விளக்கைப் பார்த்ததும் நின்றுவிடுவார்.

சரி, ட்ரெக்கிங் வருகிறவர்களுக்கு? காடு முழுக்க சிக்னல் என்பதே நடக்காத காரியம். அலை நேராகப் போவது, மலை மடிப்புக்குப் பின்னால் சரியாகப் போய்ச் சேராது. மடிப்புக்கு ஒரு டவர் என்றால் ஒவ்வொன்றுக்கும் கரண்ட் வேண்டும், பாதை வேண்டும், அதற்கு மரம் வெட்ட வேண்டும். அப்படியே வைத்தாலும், போனில் கூப்பிட முடிந்தால் மட்டும் ஆள் வந்துவிடுமா? வெள்ளியங்கிரியில் நெஞ்சு வலித்தால் மேலே ஆம்புலன்ஸ் ஏறாது, டோலி கட்டித்தான் இறக்க வேண்டும். சிக்னல் இருக்கிறது என்ற தைரியத்தில் இருட்டிய பிறகும் நடக்கிறவர்கள் கூடுவார்கள் என்பதுதான் என் பயம். காராப்பள்ளம் செக்போஸ்ட்டில் கரும்பு லாரிக்குக் காத்து நிற்கும் யானையை லைவ் போடுகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இன்னொன்று. வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு சாட்டிலைட் போன் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். நம் நாட்டில் அனுமதி இல்லாமல் அதை வைத்திருந்தாலே வழக்கு. அதற்குப் பதிலாக, உங்கள் கம்பெனி சிக்னல் இல்லாத இடத்திலும் அவசர எண்ணான 112 போட்டுப் பாருங்கள், வேறு கம்பெனி டவர் கிடைத்தால் அதன் வழியாகப் போகும். பேச முடியாத இடத்தில் எஸ்.எம்.எஸ். சில சமயம் நுழைந்துவிடும். டவர் தேடித் தேடியே சார்ஜ் இறங்கும் என்பதால் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். முன்கூட்டியே மேப்பை இறக்கி வைத்திருந்தால் ஜி.பி.எஸ்.சுக்கு டவர் தேவையில்லை.

இதையெல்லாம் விட நான் நம்புவது கே.என்.பாளையம் டீக்கடைக்காரரை. ஏறும்போது எங்கே போகிறேன், எத்தனை மணிக்கு இறங்குவேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன். போன மாதம் கடம்பூரில் ராத்திரி தங்கிவிட்டேன். ஊருக்குள் சிக்னல் இருந்தது, அவருக்கு ஒரு போன் போடத்தான் தோன்றவில்லை. காலையில் இறங்கி வந்தால், பால் வண்டிக்காரரிடம் சொல்லி வழி நெடுக என்னைத் தேடச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு எனக்கு டீ கொடுக்கவில்லை, திட்டு மட்டும்தான் கிடைத்தது.