வான்கூவர் வரும் தம்பிக்கு

தம்பி, வான்கூவரில் ஒரு வீடியோ கேம் நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது, குளிரைத் தாங்க முடியுமா, வாடகை எவ்வளவு ஆகும் என்று பாளையங்கோட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். குளிரை விடுங்கள். இங்கே பனியைவிட மழைதான் அதிகம். நல்ல மழைக்கோட்டு போதும். வாடகையை வந்தபின் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் கேட்காமல் விட்டது வேலை நேரம். அதைத்தான் சொல்ல வேண்டும்.

நான் முக்கூடல்காரன். அம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தார். மடியில் சுளகு, விளக்கணைக்கும் வரை கை ஓயாது. கடையில் கழிவென்று ஒரு பிடி அள்ளி ஒதுக்கினாலும், மீதிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி உண்டு. நடுராத்திரியில் சுற்றிய பீடியும் கடையில் போடும் பாஸ்புக்கில் ஏறும், கணக்கில் வரும். நான் இங்கே பார்த்த ராத்திரி வேலை எந்தக் கணக்கிலும் வரவில்லை.

கேம் வெளியாகும் தேதி நெருங்கும்போது இரவு பகலாக வேலை வாங்குவதை இங்கே கிரன்ச் என்பார்கள். என் முதல் கிரன்ச் ஐந்து மாதம் நீண்டது. வாரத்துக்கு ஆறு நாள், பிறகு ஏழு நாள். இருந்தே ஆக வேண்டுமென்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஏழு மணிக்குப் பீட்சா வரும். அதற்குமுன் எழுந்து போகிறவனை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த பத்தமடைப் பாயை மேசைக்கடியில் விரித்துப் படுத்தேன். காலையில் கண்ணாடியில் பார்த்தால் கன்னத்தில் கோரையின் வரி வரியான தடம். முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடியும் அதே நாற்காலி.

வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்பு எங்கள் குழுவையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கேமின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் என் பெயர் இல்லை. இரண்டு வருட உழைப்பு, தம்பி. இன்னும் மனம் ஆறவில்லை.

சட்டத்தை நம்பி வராதீர்கள். இந்த பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 'உயர் தொழில்நுட்ப வல்லுநர்' என்ற வகைக்குள் வருகிறவர்களுக்கு ஓவர்டைம் விதி பொருந்தாது. கலிபோர்னியாவில் வழக்காவது போட முடிந்தது. 2004இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற கேம் நிறுவனத்தின் ஊழியர் ஒருவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண், அவர் படும் பாட்டைப் பெயர் போடாமல் எழுதினார்; உலகமே படித்தது. அந்தக் காலத்து வழக்குகளில் வரைகலைஞர்களுக்கு 1.56 கோடி டாலரும் புரோகிராமர்களுக்கு 1.49 கோடி டாலரும் தர அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

நம்மவர்கள் பலர் இதைப் பேச மாட்டார்கள். பனியில் நின்று எடுத்த படம் மட்டும் ஊருக்குப் போகும். கேட்டால், "நாங்களும் பட்டுத்தான் வந்தோம்" என்பார்கள். பணி அனுமதி ஒரே நிறுவனத்தோடு கட்டப்பட்டிருக்கும்போது பயம் வரத்தான் செய்யும், எனக்கும் இருந்தது. ஆனால் நாங்கள் வாய் திறக்காததால்தான் பின்னால் வந்த பையன்களும் மேசைக்கடியில் படுத்தார்கள். கையெழுத்துப் போடுமுன் வேலை நேரம், கூடுதலாகப் பார்த்த வேலைக்கு ஈடுவிடுப்பு, ஆட்குறைப்பு இழப்பீடு மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். தினமும் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இன்று என் குழுவில் பன்னிரண்டு பேர். ஆறு மணிக்கு விளக்கை நானே அணைக்கிறேன்.

என் வேலை பறிபோன அந்த வாரம் அம்மாவிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். "ராத்திரி பார்த்ததற்கு எவ்வளவு போட்டார்கள்?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "பாஸ்புக்கில் ஏற்றவே இல்லையா?" என்றார்.