பிறகு என்றால் எப்போது?

மதிப்பிற்குரிய ஐயா,

ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்குத் தகவல் கட்டுரை எழுதக் கற்பித்து வருகிறேன். அண்மையில் நிலாவைப் பற்றி எழுதச் சொன்னேன். இரண்டு கட்டுரைகளை இணைத்துள்ளேன். ஒன்று சிறப்பாக வந்திருக்கிறது, மற்றொன்று ஏமாற்றமளித்தது. குழந்தைகள் தெளிவாக எழுத அவர்களுக்கு எந்தச் சட்டகத்தைக் கொடுக்கலாம்? பிழைகளை எப்போது திருத்துவது? இணையத்தைப் பார்த்து எழுதுவதை எப்படித் தடுப்பது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் என் தம்பியின் பழைய சிலேட்டைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். முதலில் நீங்கள் அனுப்பிய கட்டுரைகள்.

நீங்கள் பாராட்டியிருக்கும் கட்டுரை நிலாவை வெள்ளி ஓடம் என்று அழைத்துத் தொடங்குகிறது. நாமும் அதைப் போலப் பிறருக்கு ஒளி தர வேண்டும் என்று முடிகிறது. நிலாவைப் பற்றி அதில் ஒரு செய்திகூட இல்லை. உங்களுக்கு ஏமாற்றமளித்த கட்டுரையில், எழுத்துப்பிழைகளுக்கு நடுவே, ஒரு சிறுவன் இப்படி எழுதியிருக்கிறான்: "நேற்று ஏழு மணிக்கு நிலா சுவருக்கு மேலே வந்தது. இன்று ஏழு மணிக்கு வரவில்லை. பிறகு வந்தது." அதன் கீழே சிவப்பு மையில் "நடை வறட்சி" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. நிலா பூமியைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருப்பதால், முந்தைய நாளைவிடச் சராசரியாக 50 நிமிடம் தாமதமாகவே ஒவ்வொரு நாளும் உதிக்கிறது. அந்தத் தாமதத்தைத் தன் கண்ணால் கண்டுபிடித்து, காணாத ஒருவருக்குச் சொல்ல முயன்ற பிள்ளையை வறண்டவன் என்று சொல்லிவிட்டீர்கள்.

எனக்கு ஒன்பது வயதானபோது தம்பிக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. சில வாரங்கள் படுக்கையில் இருக்க வேண்டும், பேசவே கூடாது என்றார் மருத்துவர். அவன் சிலேட்டில் எழுதித்தான் எதையும் கேட்பான். அவனுக்குத் துணையாக நானும் எழுதியே பதில் சொல்வேன். அப்போது பின்சுவரில் ஒரு குளவி மண்கூடு கட்டத் தொடங்கியிருந்தது. நான் பள்ளியில் பழகிய முறையில் அவனுக்கு எழுதினேன்: குளவி அழகானது, சுறுசுறுப்பானது, நாமும் அவ்வாறு உழைக்க வேண்டும். அவன் சிலேட்டைத் திருப்பிக் காட்டினான். "அது என்ன செய்தது?" என்று மட்டும் இருந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் திரும்பிப் போய்ப் பார்த்தேன். ஈரமண்ணை உருண்டையாகக் கொண்டு வருகிறது என்று எழுதினேன். எவ்வளவு பெரிய உருண்டை, எதில் பிடித்துக்கொண்டு வருகிறது என்று கேட்டான். சிலந்திகளைக் கொண்டுவந்து அறைக்குள் வைக்கிறது என்று எழுதினேன். செத்த சிலந்தியா, உயிருள்ளதா என்று கேட்டான். அந்தக் கேள்விக்காக உதிர்ந்து கிடந்த ஒரு சிலந்தியைக் குச்சியால் தொட்டுப் பார்த்தேன். அதன் கால் மெல்ல அசைந்தது. குளவி அவற்றைக் கொட்டிச் செயலிழக்க மட்டுமே செய்கிறது, முட்டையிலிருந்து வரும் புழுவுக்கு அழுகாத உணவு கிடைக்க வேண்டும் என்பதே அதன் காரணம் என்று வெகுகாலம் கழித்துப் படித்தேன். ஆனால் பார்ப்பதற்கும் பார்த்ததை முறையாக வைப்பதற்கும் என்னைப் பழக்கியவை அந்தச் சிலேட்டுக் கேள்விகளே. எந்தத் திருத்தமும் அவன் செய்யவில்லை. அவனுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டான், அவ்வளவுதான்.

1960களில் குளுக்ஸ்பெர்க், கிரவுஸ் என்ற இரு உளவியலாளர்கள், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபடி திரையிட்டுச் சிறு குழந்தைகளை இருவர் இருவராக அமர்த்தினார்கள். பெயரில்லாத விசித்திர வடிவங்கள் வரைந்த கட்டைகளில் எதை எடுக்க வேண்டும் என்று ஒரு குழந்தை மற்றதற்குச் சொல்ல வேண்டும். 'அம்மாவின் தொப்பி' என்பதுபோல் ஏதோ சொல்லும்; கேட்கும் குழந்தை திகைக்கும். ஆனால் அதே சொல்லைச் சொன்ன குழந்தையிடமே திருப்பிச் சொன்னால், சரியான கட்டையை எடுத்துவிடும். தனக்குப் போதுமான சொல் பிறருக்குப் போதாது என்பது குழந்தைக்குத் தானாகத் தெரிவதில்லை. எதிரில் ஒருவர் புரியாமல் நிற்பதைக் காணும்போதுதான் தெரிகிறது. உங்கள் வகுப்பிலோ நிலாவைப் பற்றி எல்லாம் அறிந்த ஒருவருக்காகவே, அதாவது உங்களுக்காகவே, எல்லாக் குழந்தைகளும் எழுதுகிறார்கள். அறிந்தவருக்கு எதைச் சொல்வது? அலங்காரத்தைத்தான் தர முடியும்.

நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் முதலாவதாகக் குன்றக் கூறலை, அதாவது சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வதை, வைக்கிறது நன்னூல். அந்தச் சிறுவனிடம் உள்ள குறை அது ஒன்றுதான்; "பிறகு" என்ற சொல்லில் நேரம் குன்றிவிட்டது. நீங்கள் மெச்சிய கட்டுரையோ நிலாவை விட்டுவிட்டு அறிவுரையை விரித்தது. மற்றொன்று விரித்தலும் அதே பட்டியலில் உள்ள குற்றம்தான். முன்னதை ஒரு கேள்வியால் சரிசெய்துவிடலாம். பின்னதைப் பாராட்டிப் பாராட்டி வளர்த்துவிட்டால், அந்தக் குழந்தை பெரியவளான பிறகும் தன் நோயை மருத்துவரிடம் விளக்கி எழுதத் தெரியாமல் நிற்பாள்.

சட்டகம் கேட்டிருந்தீர்கள். என்னிடம் இல்லை, சொல்வதற்குச் செய்தி இருந்தால் அது தன் வரிசையைப் பெரும்பாலும் தானே தேடிக்கொள்ளும். எழுத்துப்பிழையைக் கடைசிப் படியில் திருத்துங்கள், அதுவும் குழந்தையைக் கொண்டே. இணையத்தைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அவர்கள் வீட்டுச் சுவருக்கு மேல் நிலா எப்போது வந்தது என்பது அங்கே இருக்காது.

உங்கள் மீது கடுமையாகப் பேசிவிட்டேன். குழந்தைகளின் தாள்களை எடுத்துவைத்து, முன்பின் அறியாத ஒருவனுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கும் ஆசிரியர்கள் மிகக் குறைவு என்பதை அறிவேன். அந்த அக்கறை இல்லாதவரிடம் நான் கோபித்துக்கொண்டிருக்க மாட்டேன். நாளை அந்தச் சிறுவனின் தாளில் உள்ள சிவப்பு வரியை அடித்துவிடுங்கள். சீக்கிரம் உறங்கிவிடும் ஒரு மாணவியிடம் அதைக் கொடுத்து, தனக்குத் தெரியாததை அதன் கீழே கேள்வியாக எழுதச் சொல்லுங்கள். "பிறகு என்றால் எத்தனை மணிக்கு?" என்று அவள் கேட்கக்கூடும். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். அவன் தொடர்ந்து நான்கு இரவுகள் பார்த்துக் குறித்து வருவதை எனக்கும் அனுப்பிவையுங்கள், பிழைகளைத் திருத்தாமல்.