பாட்டிலை நிறுத்தலாம், எண்ணெய்க் கிணற்றை?

கேள்வி: 2017-ல் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு கோக், பெப்சி விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. இன்று எங்கள் தெருப் பெட்டிக்கடையிலேயே இரண்டும் இருக்கின்றன. புறக்கணிப்பு எல்லாம் வெறும் சத்தம்தானா?
- மன்னார்குடி வாசகர்

பதில்: அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது. நீங்களும் நானும் வீட்டில் உட்கார்ந்து 'இனிமேல் குடிக்க மாட்டேன்' என்று முடிவெடுத்தால் அது கம்பெனிக்குத் தெரியவே போவதில்லை. அந்த வருடம் மார்ச் 1 முதல் கடைக்காரர்களே நிறுத்துவதாகச் சொன்னதால்தான் திரும்பிப் பார்த்தார்கள். சம்பா கருகி, மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசே அறிவித்திருந்த நேரம் வேறு. தாமிரபரணித் தண்ணீர் கம்பெனிக்குப் போகிறதே என்ற கோபமும் சேர்ந்துகொண்டது. (மார்ச் 2-ம் தேதியே, அந்தத் தண்ணீருக்குத் தடை கேட்ட மனுக்களை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தள்ளுபடி செய்தது.) பொவண்டோ மாதிரி நம்மூர் பானங்களுக்கு அப்போது நல்ல யோகம். ஆனால் 'இதைச் செய்யுங்கள், நிறுத்திக்கொள்கிறோம்' என்று முடிவான கோரிக்கை எதுவும் இல்லை. பல கடைகளில் ஃப்ரிட்ஜே கம்பெனி கொடுத்தது, அப்புறம் வெயில் காலம். அவர்கள் பொறுமையாக உட்கார்ந்திருந்தாலே போதும் என்று ஆகிவிட்டது.

முடிவான கோரிக்கை இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 1995-ல் ஷெல் எண்ணெய்க் கம்பெனி, ப்ரெண்ட் ஸ்பார் என்ற பழைய எண்ணெய் மிதவையைக் கடலில் மூழ்கடிக்கப் பார்த்தது. பிரிட்டிஷ் அரசின் அனுமதியும் இருந்தது. ஜெர்மனியில் ஜனங்கள் ஷெல் பங்க்கை விட்டுவிட்டு அடுத்த பங்க்குக்குப் போனார்கள், கேட்டது ஒன்றே ஒன்று: மூழ்கடிக்காதே. ஜூன் 20-ல் ஷெல் பின்வாங்கியது. மிதவைக்குள் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று, போராட்டத்தை நடத்திய சுற்றுச்சூழல் அமைப்பான க்ரீன்பீஸ் சொன்ன கணக்கு தப்பு என்று பிறகு தெரிந்து, அவர்கள் மன்னிப்புக் கேட்டது தனிக்கதை.

கேள்வி: அப்படியானால் கூட்டமாகக் கத்துகிறவர் பக்கம்தான் நியாயம் என்று ஆகிவிடாதா?
- பாபநாசம் வாசகர்

பதில்: ஆகும், ஆகியும் இருக்கிறது. 2020 அக்டோபரில், மதம் கடந்த கல்யாணத்தில் மாமியார் வீட்டார் மருமகளுக்கு வளைகாப்பு நடத்துவதாக நகைக் கம்பெனியான தனிஷ்க் ஒரு விளம்பரம் போட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். எனக்கு அது வருத்தம்தான். ஆனால் 2019-ல் குஜராத்தில் தான் பதிவு செய்த ரக உருளைக்கிழங்கைப் போட்டதாக நான்கு விவசாயிகள் மீது, ஆளுக்கு 1.05 கோடி ரூபாய் கேட்டு பெப்சிகோ போட்ட வழக்கை மே மாதம் வாபஸ் வாங்க வைத்ததும் இதே பயம்தான். அதுவும் தேர்தல் நேரம், எந்தக் கட்சியும் கம்பெனி பக்கம் நிற்க முடியாது. கம்பெனி நியாயத்தை எடை போடுவதில்லை, எந்தப் பக்கம் நஷ்டம் குறைவு என்றுதான் பார்க்கிறது.

கேள்வி: எங்கள் பக்கம் வயலுக்கு நடுவே எண்ணெய்க் கிணறு. இதை எப்படிப் புறக்கணிப்பது, பெட்ரோல் போடாமல் இருந்தா?
- கும்பகோணம் வாசகர்

பதில்: வேண்டாம், பஸ்ஸுக்குக் காத்திருந்து கால்தான் வலிக்கும். கச்சா எண்ணெய் எடுக்கிற கம்பெனி அதைச் சுத்திகரிப்பு ஆலைக்கு விற்கிறது. நீங்கள் அதன் வாடிக்கையாளரே இல்லை. அதற்கு உங்களிடமிருந்து வேண்டியது நிலமும், அரசின் அனுமதியும். டெல்டாவில் நிலக்கரிப் படுகையிலிருந்து எரிவாயு எடுக்க வந்த மீத்தேன் திட்டம் நின்றதும் அந்த இடத்தில் பிடித்ததால்தான். 2010-ல் மன்னார்குடி வட்டாரத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள், இயற்கை விவசாயத்துக்காகப் பாடுபட்ட நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார், 2013 டிசம்பர் கடைசியில் அந்தப் பிரச்சாரத்தின் நடுவிலேயே பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் காலமானார். 2015-ல் மாநில அரசு திட்டத்துக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டது. 2020-ல், டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுக்கிற பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் வந்தது. சரி, உங்கள் சிக்கல் எங்கே என்றால், அந்தச் சட்டம் ஏற்கெனவே ஓடுகிற கிணறுகளைத் தொடவில்லை. அதனால் 'எல்லாவற்றையும் மூடு' என்று கேட்பதைவிட, கிணற்றைச் சுற்றி நிலத்தடி நீரைச் சோதித்து முடிவை ஊராட்சியில் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள், மறுப்பது அவர்களுக்குக் கஷ்டம். ஆகஸ்ட் 15 கிராம சபைக்குத் தீர்மானத்தை எழுதிக் கையோடு கொண்டுபோய், பதிவேட்டில் ஏற்றச் சொல்லி, நகலையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.