எவ்வளவு இறுக்கினாலும் கழன்றுவிடுகிறதே!

மழை விட்டு ரோடு காய ஆரம்பித்ததும் பைக் மெக்கானிக்கான எனக்கு வரும் கேள்விகள் எல்லாம் கழலும் போல்ட், நட்டு என்று ஒரே பக்கம் திரும்பிவிடும். மாதக்கணக்கில் குழியில் விழுந்து எழுந்த பைக்குகள் ஒவ்வொரு உறுப்பாக உதிர்க்கத் தொடங்கும் நேரம் இது. மோல்மேன், முடோன், தட்டோன், பெகு என்று பர்மாவின் நாலா பக்கத்திலிருந்தும் வந்ததில் ஏழு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். ரங்கூன்காரர்களிடமிருந்து ஒன்றும் இல்லை. 2003-லிருந்து நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. அவர்கள் கவலை வேறு.

மோல்மேனில் கேரி (பைக் டாக்சி) ஓட்டுகிறேன் சயா (ஐயா). சீனத்து 125. முன் மட்கார்டு போல்ட்டும் பின் கேரியர் போல்ட்டும் வாரம் ஒருமுறை கழலுகின்றன. பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன், ஒன்றில் மரையே போய்விட்டது. ஸ்பிரிங் வாஷர் இரண்டிரண்டாகப் போட்டும் நிற்கவில்லை.

தம்பி, மரை போனதற்குக் காரணம் உங்கள் பலம். கழன்றதற்குக் காரணம் வேறு.

போல்ட்டை ஒரு விறைத்த ஸ்பிரிங் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இறுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு அது நீளுகிறது. நீண்டது சுருங்கப் பார்க்கும். அந்த இழுப்புதான் இரண்டு தகட்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. நடுவில் துருவோ, தடித்த பெயிண்டோ, பிளாஸ்டிக்கோ இருந்தால் நாலு நாளில் அது நசுங்கிப் படியும். போல்ட் நீண்டதே மயிரிழை அளவுதான் என்பதால் அந்தச் சின்ன நசுங்கலிலேயே இழுப்பு மொத்தமும் போய்விடும். அப்புறம் தகடு பக்கவாட்டில் வழுக்க ஆரம்பிக்கும். 1969-ல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் இதை மெஷினில் வைத்து ஆட்டியே காட்டினார். நட்டைத் தானாகத் திருப்பிக் கழற்றுவதில் நீளவாக்கு அதிர்வைவிடப் பக்கவாட்டு அசைவுதான் பெரிய எதிரி. அதே மாதிரி மெஷினில் ஸ்பிரிங் வாஷரைப் போட்டுப் பார்த்தவர்களுக்கும் பெரிய பலன் கிடைக்கவில்லை. போல்ட் சரியான இறுக்கத்துக்கு வருவதற்கு முன்பே அது தட்டையாகப் படுத்துவிடும். படுத்த பிறகு அதுவும் ஒரு சாதா வாஷர்தான். இரண்டு போட்டால் படிவதற்கு இன்னும் இரண்டு இடம் கொடுக்கிறீர்கள், அவ்வளவே.

மட்கார்டைக் கழற்றுங்கள். பட்டை உட்காரும் இடத்தில் துருவையும் மண்ணையும் சுரண்டுங்கள். ஓட்டை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருக்கிறதா பாருங்கள். போல்ட்டை நுழைக்கவே ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்ப வேண்டியிருந்தால் பட்டை வளைந்திருக்கிறது, முதலில் அதை நிமிர்த்துங்கள். பிளாஸ்டிக் மட்கார்டு என்றால் ஓட்டைக்குள் ஒரு குட்டி இரும்புக் குழாய் இருக்க வேண்டும். காலர் என்போம். போல்ட்டின் பிடி அந்தக் காலரில்தான் விழும், பிளாஸ்டிக்கில் விழாது. ஒருமுறை கழற்றிய கடையிலேயே இது பாதி பைக்குகளில் தொலைந்துபோகிறது. என் கடைத் தரையைப் பெருக்கினால் எனக்கே வாரம் ஒன்று கிடைக்கும், யாருடையது என்று தெரியாது.

எவ்வளவு இறுக்குவது? 10 நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் 6 மில்லி போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர். கைக்கணக்கில் சொன்னால், போல்ட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து 10 கிலோ எடை தூக்கும் அழுத்தம். 8 மில்லி போல்ட்டுக்கு 22 அளவில். 15 சென்டிமீட்டர் தள்ளி, 15 கிலோ. இது இரும்போடு இரும்பு சேரும் இடத்துக்கு. காலர் இல்லாத வெறும் பிளாஸ்டிக்கில் அதில் பாதிகூட வேண்டாம். மரைக்கு எண்ணெய் விட்டு இறுக்குகிற பழக்கம் இருந்தால் கையை இன்னும் குறையுங்கள். நாம் கொடுக்கும் அழுத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போகிறது. எண்ணெய் அந்த உராய்வைக் குறைத்தால் அதே கைக்குப் போல்ட் அளவுக்கு மீறி நீளும்.

கேரியர் விஷயம் தனி. அதில் ஆள், அரிசி மூட்டை, சில நாள் இரண்டும். தலையில் 8.8 என்று பலத்தைக் காட்டும் எண் போட்ட போல்ட்டாக வாங்கி, தட்டை வாஷரோடு, மறுபக்கம் நைலாக் நட்டு போடுங்கள். உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு அது. இழுப்பு குறைந்தாலும் நட்டு கழன்று விழாது. கழற்றினால் பழையதைத் திரும்பப் போடாதீர்கள், வளையம் தளர்ந்திருக்கும். மரை போன இடத்திலும் பின்பக்கம் கை நுழையுமானால் ஊடே போல்ட் விட்டு இதே நட்டைப் போடலாம்.

தட்டோனிலிருந்து ஒரு சயாமா (ஆசிரியை): பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் இடது கண்ணாடி தரையைப் பார்க்கிறது. தண்டைப் பிடித்துத் திருகி இறுக்கினால் முகத்தைக் காட்டாமல் வேறு பக்கம் நிற்கிறது.

தண்டைத் திருகி இறுக்குவதுதான் தப்பு. அடியில் ஒரு லாக் நட்டு இருக்கும். அதைத் தளர்த்தி, தண்டை உள்ளே விட்டு, கண்ணாடி சரியாகத் தெரியும் இடத்தில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் நட்டை மட்டும் கீழே இறுக்குங்கள். தண்டு நின்று, தலை மட்டும் தொங்கினால் உள்ளே இருக்கும் பந்து தேய்ந்துவிட்டது. சிலவற்றில் பின்னால் மூடிக்குள் இறுக்குவதற்கு ஸ்க்ரூ உண்டு. இல்லையென்றால் புதுக் கண்ணாடிதான். தள்ளிப்போடாதீர்கள். 1970-ல் வண்டிகள் வலது பக்கம் மாறியதிலிருந்து நம்மை முந்துகிறவர் இடது பக்கமாகத்தான் வருகிறார். உங்களுக்கு உயிர்க்கண்ணாடி அதுதான்.

ஒரு விஷயம்: யமஹா வண்டிகளில் வலது கண்ணாடிக்கு மரை எதிர்ப்பக்கம் சுற்றும். தெரியாமல் ‘இறுக்கி இறுக்கி’க் கழற்றினவர்களைப் பார்த்திருக்கிறேன். தெரியாமல் உடைத்தவர்களையும்.

முடோன் ரப்பர் தோட்டத்துப் பக்கம். பெண்டு பைப்பின் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாய்) நட்டு இரண்டும் கழன்று டப் டப் என்று சத்தம். மரை கழலாமல் பிடிக்கும் லாக் பசை போட்டோம், இரண்டு நாள்கூட நிற்கவில்லை.

நிற்காது. சாதாரண நீலப் பசை 150 டிகிரி வரைதான் தாங்கும், அந்த இடத்துச் சூடு அதைத் தாண்டிவிடும். நைலாக் நட்டும் அங்கே ஆகாது, நைலான் உருகிப்போகும். பைப் இன்ஜின் தலையில் செருகும் இடத்தில் இருக்கும் வளையத்தைப் பாருங்கள். அந்த கேஸ்கெட் நசுங்கித்தான் அடைக்கும். ஒருமுறை நசுங்கியது மறுபடி நசுங்காது. பழையதையே வைத்து இறுக்கினால் நட்டுக்குப் பிடிமானமே கிடைக்காது. புது வளையம் போட்டு, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஓட்டிச் சூடேற்றி, நன்றாக ஆறிய பிறகு இன்னொரு முறை. ஸ்டட் (நட்டு ஏறும், தலையில்லாத போல்ட்) மரையில் காப்பர் கிரீஸ் தடவினால் அடுத்த மழைக்குப் பிறகு கழற்றும்போது ஸ்டட் முறியாது.

இன்னொன்று: சைலன்சரின் பின்பக்கத் தாங்கி போல்ட் இருக்கிறதா? அது விழுந்துவிட்டால் சைலன்சர் பாரம் முழுக்க இந்த இரண்டு நட்டின் தலையில். முன்னால் சத்தம் கேட்டால் பின்னால் குனிந்து பாருங்கள். பொருத்தும்போதும் முன் நட்டு, பின் போல்ட் எல்லாவற்றையும் விரலால் மாட்டிவிட்டு, முன்பக்கம் முதலில், பின்பக்கம் கடைசியில் இறுக்க வேண்டும்.

பெகுவில் ஒரு நண்பர் சிவப்பு லாக் பசையை எல்லா போல்ட்டுக்கும் போடச் சொல்கிறார். போடலாமா?

அவர் உங்கள் நண்பர்தானா? சிவப்பைக் கழற்ற 250 டிகிரி அளவுக்குச் சூடு காட்ட வேண்டும். சின்ன போல்ட்டில் போட்டால் கழற்றும்போது தலை முறிந்து கையோடு வரும். பைக்குக்கு நீலம் போதும், சாதாரண ஸ்பேனரிலேயே கழலும். அதுவும் சூடு இல்லாத, உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில் மட்டும்.

இந்தப் பசை காற்று படாத இடத்தில், உலோகம் தொட்டால்தான் இறுகும். எண்ணெய்ப் பசை இருந்தால் பிடிக்காது. ஆகவே மரையைப் பிரேக் கிளீனரால் கழுவிக் காயவைத்து ஒரே ஒரு சொட்டு. பத்து இருபது நிமிடத்தில் பிடித்துவிடும், ஆனாலும் முழுப் பலம் வர ஒரு நாள் ஆகும். பிளாஸ்டிக் மீது படக் கூடாது. பல வகைப் பிளாஸ்டிக் அதனால் வெடித்துப்போகும். ஹெட்லைட் டூமில் போட்டுவிட்டுத் தானாகக் கீறல் விட்டது என்பவர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்கட்டும்.

பில்லினிலிருந்து: வேகம் 60-ஐத் தொட்டால் கால்மிதியும் ஹேண்டில் பாரும் கூசுகின்றன, கை மரத்துப்போகிறது. 75-ல் அடங்கிவிடுகிறது. டயரா, இன்ஜினா? போன வருஷம் இப்படி இல்லை.

நல்ல கேள்வி. கழலும் போல்ட்டைத் துரத்துவதற்கு முன்னால் எல்லாரும் கேட்க வேண்டியது இது.

கணக்குப் போடுவோம். 17 இஞ்ச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.75 மீட்டர் போகும். 60-ல் வினாடிக்கு ஒன்பது பத்து சுற்று. அதில் கோளாறு என்றால் உதறுவது போல, குதிப்பது போல இருக்கும். இன்ஜின் நிமிடத்துக்கு 5000 சுற்றில் ஓடினால் வினாடிக்கு 83 அதிர்வு. அது எறும்பு ஊறுவது போலக் கூசும். நீங்கள் சொல்வது கூச்சம், ஆகவே இன்ஜின் பக்கம் என்று என் ஊகம். உறுதி செய்ய, ஆளில்லாத நேர் ரோட்டில் அதே 60-ஐ ஒரு கியர் குறைத்து ஓட்டிப் பாருங்கள். கூச்சம் மாறினால் இன்ஜின். மாறாமல் வேகத்தோடே ஒட்டிக்கொண்டிருந்தால் சக்கரம், டயர்.

75-ல் ஏன் அடங்குகிறது? கோவிலில் மேளம் அடிக்கும்போது ஒரு குறிப்பிட்ட அடிக்கு மட்டும் ஜன்னல் கண்ணாடி அதிருமே, அதே கதைதான். ஒவ்வொரு உறுப்புக்கும் சொந்தமாக ஓர் அதிர்வு உண்டு. இன்ஜின் அதைத் தொடும்போது ஆடும், தாண்டினால் அடங்கும். ஒற்றைப் பிஸ்டன் இன்ஜினில் ஓரளவு அதிர்வை யாராலும் ஒழிக்க முடியாது. பிஸ்டன் மேலும் கீழும் ஓடுவதை ஈடுகட்ட கிராங்கில் எதிர்ப் பாரம் வைக்கிறார்கள். முழுக்க ஈடுகட்டினால் அதே ஆட்டம் முன்னும் பின்னுமாகத் திரும்பிவிடும் என்பதால் பாதியளவுக்குத்தான் வைப்பார்கள்.

ஆனால் போன வருஷம் இல்லாதது இந்த வருஷம் வந்தால் அது நோய். இன்ஜினைச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட்டுகளை முதலில் பாருங்கள். ஒன்று தளர்ந்திருந்தால் அதை மட்டும் இறுக்காமல், இன்ஜினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து எல்லாவற்றையும் லேசாகத் தளர்த்துங்கள். இன்ஜின் தன் இடத்தில் உட்காரட்டும். பிறகு சுற்றி வந்து இறுக்குங்கள். அடுத்தது செயின். சக்கரத்தை மெதுவாகச் சுற்றிப் பல இடத்தில் தொய்வு பாருங்கள். இந்த வகை வண்டிக்கு 25 முதல் 35 மில்லி. ஓரிடத்தில் விறைத்து ஓரிடத்தில் தொங்கினால் செயினையும் ஸ்பிராக்கெட்டுகளையும் ஒன்றாக மாற்ற வேண்டும். கால்மிதி ரப்பரும் ஹேண்டில் முனையில் இருக்கும் பாரமும் தொலைந்திருந்தால் அதிர்வு நேராகக் கைக்கு வரும். அழகுக்கு என்று அந்தப் பாரத்தைக் கழற்றிப்போடும் பையன்கள் இங்கே அதிகம்.

ஹேண்டிலில் போன் மாட்டினால் கேமரா கெடுமா?

கெடலாம். 2021-ல் ஆப்பிள் நிறுவனமே பைக் அதிர்வு கேமராவின் ஆட்டம் தடுக்கும் பகுதியைப் பாதிக்கலாம் என்று எச்சரித்தது. மொபெட், ஸ்கூட்டரில் மாட்டினால்கூட அதிர்வு உறிஞ்சும் ஹோல்டர் போடச் சொன்னது. சட்டைப்பையில் வையுங்கள், காதில் வழி சொல்லட்டும்.

தைப்பூசத்துக்குப் பெகுவிலிருந்து மோல்மேன் வரை மூன்று பைக்கில் வருகிறோம். கிளம்புமுன் எதையெல்லாம் இறுக்க வேண்டும்?

200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். எல்லாவற்றையும் இறுக்காதீர்கள். சரியாக இருக்கும் போல்ட்டை ஒவ்வொரு பயணத்துக்கும் ‘இன்னும் கொஞ்சம்’ என்று இறுக்கியே மரையைக் கொல்கிறவர்கள் உண்டு. ஒருமுறை சரியாக இறுக்கிவிட்டு, போல்ட் தலையிலிருந்து தகடு வரை நகப்பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். சைட்டோவில் டீ குடிக்க நிற்கும்போது கோடு நேராக இருக்கிறதா என்று ஒரு சுற்றுப் பார்த்தால் போதும். வீட்டில் நகப்பாலிஷ் எடுக்கும்போது அனுமதி கேட்டுவிட்டு எடுங்கள்.

கோடு போட வேண்டியவை: முன், பின் அச்சு நட்டுகள், ஹேண்டில் பார் போல்ட், டிஸ்க் பிரேக் காலிப்பர் போல்ட், இன்ஜின் போல்ட், ஷாக் அப்சார்பர் நட்டுகள், கால்மிதி. செயினில் கிளிப் லிங்க் (கிளிப் போட்டுப் பூட்டும் இணைப்பு) இருந்தால் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விட நான் பயப்படுவது பின் டிரம் பிரேக்கின் தாங்கு கம்பிக்கு. பிரேக் தட்டிலிருந்து பின் ஃபோர்க்குக்கு ஒரு கம்பி ஓடும்; பிரேக் பிடிக்கும்போது தட்டு சக்கரத்தோடு சுற்றாமல் நிறுத்துவது அது. அதன் நட்டு விழுந்தால் அடுத்த பிரேக்கில் தட்டு சுழன்று, பிரேக் ராடை முறுக்கி, சக்கரத்தையே பூட்டிவிடும். அதற்காகவே பல வண்டிகளில் அந்த நட்டு சுழலாமல் குறுக்கே சொருகி வளைக்கும் ஒரு காட்டர் பின் உண்டு. நான் வேலை கற்ற கடையில் டயர் மாற்றிவிட்டு அந்தப் பின்னுக்குப் பதில் வேலிக் கம்பியைச் சொருகி அனுப்பியதை என் கண்ணால் பார்த்தேன். அந்த வண்டி மறுநாள் டிராக்டரில் ஏறித் திரும்பி வந்தது. ஓட்டியவர் வயலில் விழுந்ததால் பிழைத்தார்.

புதுக் காட்டர் பின் மூன்று வண்டிக்கும் வாங்குங்கள், வெற்றிலைக் காசுதான் ஆகும். பழையதை நிமிர்த்தி மறுபடி வளைத்தால் முறியும். நட்டில் காட்டர் பின் போகும் பள்ளம் ஓட்டைக்கு நேரே வராவிட்டால் தளர்த்தி நேராக்க வேண்டாம், இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்குங்கள். மோல்மேன் வந்ததும் என் கடைப் பக்கம் நிறுத்துங்கள். கோடுகளை நானும் ஒருமுறை பார்க்கிறேன்.